என் ரத்தம் நெகடிவ், தம்பி

தம்பி,

உன் போனுக்கு நான் அடிக்கும்போதெல்லாம் மணி போய்க்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. உன்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். பேசிப் பேசித்தான் நான் இந்த நிலைமைக்கு வந்து நிற்கிறேன், அதனால் பேச்சை விட்டுவிட்டு எழுதுகிறேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு மேல் நான் எழுதினது கிடையாது. கொடைக்கானல் ரோட்டு வளைவு மாதிரி எழுத்து வளைந்து நெளிந்து போகும், பொறுத்துக்கொண்டு வாசி. இதை நீ மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்பதும் இல்லை. அம்மாவிடம் காட்டு, கவிதாவிடம் காட்டு, அவள் வீட்டாரிடம் காட்டு. ஏரிப் பக்கம் நம் ஜீப் ஸ்டாண்டில் கொண்டுபோய் ஒட்டினாலும் எனக்குச் சம்மதமே. சபையில் வாயை விட்டவன் மூலையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் வராது.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். "மலையில குளிரு தாங்கல, முட்டி வலிக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா கோயம்புத்தூருக்கு உன்னிடம் வந்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குளிரில் இருந்தவளுக்கு இப்போது திடீரென்று என்ன குளிர் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பழனி அடிவாரத்தில் மண்டபம் பிடித்துவிட்டீர்கள் என்பதை ஸ்டாண்டில் அடுத்தவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "கல்யாணம் நடக்கும். அப்பா வர்றதும் வராததும் அவர் இஷ்டம்" என்று நீ சொன்னதை அம்மா போனில் அப்படியே சொன்னாள், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உன் கல்யாணத்தில் உன் பக்கத்தில் நான் நிற்கலாமா, கூடாதா? இப்போது எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் சில விஷயங்களை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

தாண்டிக்குடியில் அன்றைக்கு நடந்ததை நீயே கண்ணால் பார்த்தாய். இருந்தாலும் என் கையாலேயே ஒருமுறை எழுதிவிடுகிறேன். நாளைக்கு 'அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னேன்' என்று மழுப்புவதற்கு எனக்கு வழி இருக்கக் கூடாது. நம் பக்கத்து வழக்கத்தில், பேச்சு முடிகிறவரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காப்பியோடு நிறுத்திக்கொள்வார்கள், சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நாம் அன்றைக்குப் போனதே கை நனைக்கத்தான். கவிதாவின் அப்பா காப்பிக் களத்தில் பந்தல் போட்டு, முதல் இலையை எனக்குப் போட்டார். அவள் அம்மா பரிமாறிக்கொண்டே, பெற்றவளுக்கு உள்ள பெருமையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எங்க கவிதா காலேசுல படிக்கறப்பவே ரெண்டு தடவ ரத்தம் குடுத்திருக்காண்ணே. நெகடிவ் குரூப்பாம், லேசுல கெடைக்காதாம். இப்பவும் போன் பண்ணிக் கூப்புடுறாங்க."

எனக்கு இலையை நோக்கிப் போன கை நின்றுவிட்டது. "நெகடிவ்வா?" என்றேன். "ஆமா மாமா, பி நெகடிவ்" என்று கதவோரம் நின்ற கவிதாவே பதில் சொன்னாள். "அதை ஏன் மறச்சீங்க?" என்று நான் கேட்டது அவளை இல்லை, அவள் அப்பாவை. அவர் பாவம், குழம்பு வாளியோடு முழித்தார். "மறைக்கல மாமா. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். பயப்புடுற மாதிரி ஒண்ணும் இல்ல, அதுக்கு ஊசி இருக்கு" என்று மறுபடியும் அவள்தான் சொன்னாள். நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது. "ஊசி போட்டுத் தள்ளி விட்டு ஓட்டுறதுக்கு இதென்ன பழைய ஜீப்பாம்மா?" என்றேன். நம் ஆட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, தம்பி. அதை எழுதும்போது இப்போது உடம்பு கூசுகிறது. நீ என் கையைப் பிடித்து "அப்பா, உக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னாய். உதறிவிட்டு, கை நனைக்காமல் இலையை விட்டு எழுந்தேன். நான் எழுந்ததும் நம் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். சாக்காக இதை எடுத்துக்கொள்ளாதே. நீ பிறப்பதற்கு முன்னால் கிளாவரைக்கு நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கேரட், பீன்ஸ் மூட்டை ஏற்றி வருவேன், மூட்டைமேல் ஆளும் வரும். ஒருநாள் வெள்ளனே ஒரு பெண்ணையும் அவள் பெற்ற பச்சைப் பிள்ளையையும் ஏற்றினார்கள். பிள்ளை உடம்பு மஞ்சளாக இருந்தது. மன்னவனூர் தாண்டி, பூம்பாறை தாண்டி வரும் வழியெல்லாம் அது அழவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ஒன்றிரண்டு வருசம் கழித்து அவளுடைய அடுத்த பிள்ளையையும் நானே ஏற்றி வந்தேன். அதுவும் தங்கவில்லை. இத்தனைக்கும் அவளுக்கு மூத்தது ஒன்று நன்றாகப் பிறந்து, ஊருக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தது. "புள்ளையத் தின்னு புள்ளையத் தின்னு வயித்த வளக்குறா" என்று மாமியார்க்காரி பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் வைதுகொண்டே வந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டினேன். "அந்தம்மாவுக்கு நெகடிவ் ரத்தம்" என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியென்றால் என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நின்று கேட்கவில்லை. மண்டியில் லோடு இறக்க வேண்டிய சோலி இருந்தது.

அதன் பிறகு நெகடிவ் என்ற சொல் என் மனதில் ஒரு நோயின் பெயராகவே தங்கிவிட்டது. இத்தனை வருசமும் அதை யாரிடமும் சரிபார்க்கவில்லை. வண்டியில் ஒரு சத்தம் கேட்டால் பானெட்டைத் திறந்து பார்க்காமல் அடுத்த ட்ரிப் எடுக்க மாட்டேன். மனதில் கிடந்த ஒரு பயத்தை மட்டும் திறந்தே பார்க்காமல் இத்தனை தூரம் ஓட்டியிருக்கிறேன். உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஏதாவது மிச்சம் இருக்கிறது என்றால் இதுதான்: அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு அடுத்தவர் வாழ்க்கையில் தீர்ப்புச் சொல்லாதே. நின்று இன்னொரு கேள்வி கேள். லோடு கொஞ்ச நேரம் காத்துக் கிடக்கட்டும்.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாத கதை. அன்றைக்கு நான் அத்தனை திமிராகப் பேசியதற்கு இன்னொரு காரணம், என் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று நான் நம்பியதுதான். என் கழுத்தில் தொங்கும் ஸ்டாண்டு கார்டில் நீயும் பார்த்திருப்பாய். அந்தக் கார்டு வந்த கதையைக் கேள். சங்கத்தில் எல்லோருக்கும் அடையாள அட்டை அடிக்க முடிவு செய்தோம். அடிக்க வந்த பையன் பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு "ரத்தம் என்னண்ணே?" என்றான். "செகப்புத்தான்டா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "தெரியாதவனுக்கெல்லாம் ஓ பாசிட்டிவ்னு போட்டுருப்பா, ஊருல அதுதான் நெறைய ஓடுது" என்றார் எங்கள் தலைவர். அப்படி ஸ்டாண்டில் பாதிப் பேர் ஓ பாசிட்டிவ் ஆனோம். பிறகு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அந்தக் கார்டைப் பார்த்தே அதிலும் எழுதினார்கள். ஒரு துளி ரத்தம் எடுக்காமல், பேனா மையிலேயே எங்களுக்கெல்லாம் ரத்தம் ஓட விட்டுவிட்டார்கள்.

இதை ஒருநாளும் யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், நான் ஒருநாளும் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. மலையில் ஆபத்து என்றால் முதல் போன் ஸ்டாண்டுக்குத்தான் வரும். கீழே போகும் வழியில் வண்டி உருண்டுவிட்டது, பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஆள் வேண்டும் என்பார்கள். நாலைந்து பேர் ஒரே ஜீப்பில் ஏறிப் போவார்கள். நான் அந்த நேரம் பார்த்து வண்டிக்கடியில் படுத்து ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் "பார்ட்டி வருதுப்பா, பூம்பாறை ட்ரிப்பு" என்று கிளம்பிவிடுவேன். உண்மை என்னவென்றால் எனக்கு ஊசியைக் கண்டால் பயம். கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு எதிரே கண் சிமிட்டாமல் போகிறவன், கையில் ஒரு ஊசி குத்துவதற்குப் பயந்து ஓடியிருக்கிறேன். நீ பத்தாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, நீங்க ரத்தம் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாய். "ஏலே, ஏகப்பட்ட தடவ" என்றேன். நீ அதைப் போய் உன் சிநேகிதர்களிடம் சொன்னாய். அதில் ஒரு பையன் ரோட்டில் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான், நானும் திருப்பி வைத்தேன்.

சரி, இந்தக் குட்டு எப்படி உடைந்தது என்று சொல்கிறேன். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு எனக்குக் குடலிறக்க வலி அதிகமாகிவிட்டது. உனக்குத் தெரியக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர்ந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன், பயப்படாதே. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். "ஓ பாசிட்டிவ்" என்று கார்டை எடுத்து நீட்டினேன். லேப்பில் இருந்த பெண் அதை வாங்கக்கூட இல்லை, "நாங்க பாத்துக்குறோங்கய்யா" என்றாள். வெள்ளை ஓடு ஒன்றில் என் ரத்தத்தை மூன்று இடத்தில் சொட்டு வைத்தாள். நீலமாக ஒரு மருந்து, மஞ்சளாக ஒன்று, நிறமே இல்லாமல் ஒன்று என்று இடத்துக்கொரு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கி, ஓட்டை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். எனக்கு முன்னால் போனவரின் ரத்தம் நீல மருந்தில் பால் திரிந்த மாதிரி பொடிப் பொடியாகத் திரிந்ததைப் பார்த்திருந்தேன். அவருடையது மூன்றாவதிலும் திரிந்தது. அவர் ஏ பாசிட்டிவாம். என்னுடையது மூன்றிலும் திரியாமல் அப்படியே வழவழவென்று கிடந்தது.

"ஓ நெகடிவ்ங்கய்யா" என்றாள். "எம்மா, நல்லாப் பாரு. வருசக் கணக்கா நான் ஓ பாசிட்டிவ்" என்று சத்தம் போட்டேன். "கார்டு அடிக்கறப்ப டெஸ்ட் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள். என் சத்தத்துக்காகவே மறுபடியும் புதிதாக ரத்தம் எடுத்து, டியூபில் போட்டும் பார்த்தார்கள். மறுபடியும் அதேதான் வந்தது. தாண்டிக்குடிப் பந்தலில் எந்தச் சொல்லைச் சொல்லி ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்தேனோ, அந்தச் சொல்லை என் பெயருக்கு நேராக எழுதி, கட்டிலின் தலைமாட்டில் மாட்டினார்கள். வந்து போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்க்கிற மாதிரியே எனக்கு இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது நானாகவே கேட்டேன். கிளாவரைக்காரி கதையையும் சொன்னேன். தாண்டிக்குடிக் கதையை மட்டும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் உனக்கு எழுதுகிறேன். ரத்தத்தில் உள்ள சிவப்பணு ஒவ்வொன்றின் மேலும் ஒரு அடையாளம் ஒட்டியிருக்குமாம், அதற்கு ஆன்டிஜென் என்று பெயர். ஏ அடையாளம் இருந்தால் ஏ குரூப், பி இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதியில் ஆன்டிபாடி என்று இன்னொன்று ஓடுகிறது. தன்னிடம் இல்லாத அடையாளம் உள்ளே வந்தால் அது போய் ஒட்டிக்கொண்டு, அணுக்களைக் கட்டி கட்டியாகச் சேர்த்து உடைத்துவிடும். ஏ-காரனிடம் பி-க்கு எதிரானது இருக்கும், பி-காரனிடம் ஏ-க்கு எதிரானது இருக்கும், ஏபி-காரனிடம் இரண்டும் இருக்காது, என்னை மாதிரி ஓ-காரனிடம் இரண்டும் இருக்கும். லேப்பில் விட்ட மருந்தே இந்த ஆன்டிபாடிதான். எது எதில் திரிகிறது என்று பார்த்து, மேலே என்ன அடையாளம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். மாற்று ரத்தம் ஏற்றினால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்பது இதனால்தானாம்.

மூன்றாவதாக டி என்று ஒரு அடையாளம் உண்டு. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகடிவ். "அவ்வளவுதாங்க. குறைன்னு அர்த்தம் கெடையாது, ஒரு அடையாளம் இல்லைங்குறத அப்படி எழுதுறோம்" என்றார் டாக்டரம்மா. ஏ, பி-க்கு எதிரான ஆன்டிபாடி கைக்குழந்தைப் பருவத்திலேயே தானாக வந்துவிடும். டி-க்கு எதிரானது அப்படி வராது. நெகடிவ்காரர் உடம்புக்குள் டி ஒருமுறை வந்து போனால்தான் உடம்பு அதைப் படித்துக்கொள்ளும். ஒரு வண்டி ஒருதரம் ஏமாற்றிவிட்டுப் போனால் செக்போஸ்ட்காரன் அடுத்த தரம் நம்பரைப் பார்த்ததும் மறிப்பான் அல்லவா, அந்த மாதிரி. நெகடிவ் தாய்க்குப் பாசிட்டிவ் பிள்ளை பிறக்கும்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயோடு கலந்துவிடும். தாயின் உடம்பு அதைப் படித்துக்கொண்டு ஆன்டிபாடி செய்வதற்குள் முதல் பிள்ளை வெளியே வந்துவிடும், அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து வயிற்றில் வருவதும் பாசிட்டிவாக இருந்தால் இந்த ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகப் போய் அதன் ரத்தத்தை உடைக்கும். பிள்ளை மஞ்சளாகிப் போவது அதனால்தான். மாசமாக இருக்கும்போது ஒரு ஊசி, பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால் மூன்று நாளுக்குள் இன்னொரு ஊசி போட்டுவிட்டால் தாயின் உடம்பு அந்தப் பாடத்தைப் படிக்காமலே இருந்துவிடும். கவிதா சொன்ன ஊசி அதுதான்.

"அந்தக் கிளாவரைக்கார அம்மாவுக்கு மொதப் பிரசவம் எங்க நடந்துச்சு?" என்று கேட்டார். "வீட்லதாங்க." "அப்ப அந்த ஊசிய யாரும் போட்டிருக்க மாட்டாங்க. அந்தம்மா மேல என்னங்க தப்பு?" என்றார். மாமியார் வைததை நான் கேட்டுக்கொண்டே வந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. டாக்டரம்மா எழுந்து போகும்போது சாதாரணமாகக் கேட்டார், "ஆள் யாருன்னே தெரியாம அவசரத்துல வர்றவங்களுக்கு மொதல்ல ஏத்துற ரத்தம் ஒங்களோடதுதான். எத்தன தடவ குடுத்திருக்கீங்க?" "இனிமே குடுக்கலாங்களா?" என்று கேட்டேன். "சர்க்கரை இருக்கு, வயசாச்சு, ஆபரேஷன் வேற ஆகப் போகுது. நீங்க ஒங்க ஒடம்பப் பாத்துக்கங்க போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனுக்கு வால்கூடக் கிடைக்கவில்லை.

தையல் பிரித்ததும் நான் தாண்டிக்குடிக்குப் போனேன். வண்டி ஓட்டக் கூடாது என்றதால் பஸ்ஸில் பெருமாள்மலைக்குப் போய், அங்கிருந்து பண்ணைக்காடு பஸ் மாறிப் போனேன். கவிதாவின் அப்பா களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க" என்று சொன்னார். மனுசன் அதைக்கூட விடவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கார்டு கதையிலிருந்து கட்டில் தலைமாட்டில் எழுதினது வரைக்கும். "நான் பேசுனது தப்புங்க, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் மிளகைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. "நீங்க எந்திரிச்சுப் போன பெறகு எங்காளுக ஒருத்தருஞ் சாப்புடல. ஆக்குன சோத்த என்ன செய்யன்னு தெரியாம எம்பொஞ்சாதி அழுதுகிட்டுக் கெடந்தா" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கவிதா பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "மாமா, நீங்க பேசுனது என்னையத்தான். மன்னிப்பு மட்டும் அப்பாகிட்டக் கேக்குறீங்க?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அன்றைக்குப் பந்தலிலும் நான் அவள் அப்பாவிடம்தான் பேசினேன், பதில் சொன்னது அவள். இப்போதும் அதையே செய்திருக்கிறேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அவளிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்: "ஆஸ்பத்திரியில நெசமாவே ஒங்களுக்கு ஓ பாசிட்டிவ்னு வந்திருந்தா, இன்னைக்கு இங்க வந்திருப்பீங்களா மாமா?"

தம்பி, வந்திருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உன்னிடம் ஏகப்பட்ட தடவை என்று சொன்னவன்தானே, பொய் எனக்குச் சரளமாக வரும். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடியவில்லை. "வந்திருக்க மாட்டேன் தாயி" என்றேன். எனக்கு வலித்த பிறகுதான் அவளுக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் திருந்த முடியாது. எனக்கு வந்த வெட்கத்தில் பாதி அவளிடம் பேசினதற்கு, மீதிப் பாதி இப்படித் திருந்தினதற்கு. "நெசத்தச் சொன்னீங்க. உக்காருங்க, தையல் போட்ட ஒடம்பு" என்று நாற்காலியை எடுத்துப் போட்டாள். "மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு இன்னும் வரல மாமா. வர்றப்பச் சொல்றேன். கல்யாணத்துக்கு வர்றது ஒங்களுக்கும் ஒங்க மகனுக்கும் உள்ளது, அதுல நான் நடுவுல வர மாட்டேன்." அவள் அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அவள் உன்மேல் எத்தனை மரியாதை வைத்திருந்தால் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நீ நல்ல பெண்ணைத்தான் பார்த்திருக்கிறாய். அவள் மாசமாக இருக்கும்போது டாக்டரிடம் அவளைத் தனியாக அனுப்பாதே. கம்பெனியில் லீவு இல்லை, ஆடிட்டு இருக்கிறது என்று எதையாவது சொல்லாதே. நீயே கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேள், புரியாவிட்டால் வெட்கப்படாமல் திருப்பிக் கேள். அந்த ஊசியை எப்போது போட வேண்டும் என்று நீயும் நினைவில் வைத்துக்கொள். ஆம்பளைகள் கூடியிருக்கிற இடத்தில் உன் பெண்டாட்டியை வைத்து எவனாவது ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசினால் சிரிக்காதே. அது உன் அப்பனாக இருந்தாலும் சிரிக்காதே. அன்றைக்கு நீ சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நான் வரலாமா? மேடையில் நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை, மண்டபத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் போதும். வராதே என்று நீ சொன்னால் வர மாட்டேன். வந்து நின்று உனக்குச் சங்கடம் கொடுக்க மாட்டேன், ஆள் விட்டுச் சொல்லவும் மாட்டேன். பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்பினாலும் போதும், என்னிடம் பேச வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

நீ வா என்றாலும், வராதே என்றாலும், ஒன்றை மட்டும் எனக்காகச் செய். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை இன்னும் உனக்கு எழுதவில்லை. ரத்த அடையாளம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்காக வருமாம், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பங்கில் டி இருந்தாலே பாசிட்டிவ்தான். அம்மா ஏ பாசிட்டிவ், நீயும் ஏ பாசிட்டிவ். ஆனால் நான் நெகடிவ் என்பதால் என்னிடம் கொடுப்பதற்கு டி கிடையாது. உன்னிடம் இருக்கிற டி அம்மா கொடுத்தது. நான் கொடுத்த பங்கு காலி, அது வெளியே தெரியாமல் உனக்குள்ளேயே கிடக்கிறது. கவிதா நெகடிவ் என்பதால் அவள் கொடுப்பது எப்படியும் காலிப் பங்குதான். உங்கள் பிள்ளைக்கு நீ எந்தப் பங்கைக் கொடுப்பாய் என்பது பூவா தலையா மாதிரிதான். அம்மாவுடையதைக் கொடுத்தால் பிள்ளை பாசிட்டிவ், ஊசி பார்த்துக்கொள்ளும். என்னுடையதைக் கொடுத்தால் பிள்ளையும் நெகடிவ், அப்போது தாயின் ரத்தத்துக்கும் பிள்ளையின் ரத்தத்துக்கும் சண்டையே கிடையாது. அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் நம் ஆட்கள் தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "ஆத்தாகாரி ரத்தம் அப்படியே வந்திருச்சு பாரு" என்று சொல்வார்கள். நான் பேசினதைக் கேட்டுச் சிரித்தவர்கள் கட்டாயம் சொல்வார்கள். தாய் கொடுக்கிற ஒரு பங்கை வைத்து மட்டும் ஒரு பிள்ளை நெகடிவாகப் பிறக்க முடியாது, தம்பி. நான் அங்கே இருந்தால் நானே சொல்வேன். நான் இல்லாவிட்டால், கவிதா வாய் திறக்கும் முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி நீ சொல்: "இதுல பாதி எங்கப்பா குடுத்தது."

அப்பா